காயிலும் பிளக்கும் - மெட்டல் டிடெக்டர் வளர்ந்த கதை

மெட்டல் டிடெக்டர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரயில் நிலைய வாசலிலும் ஷாப்பிங் மால் வாசலிலும் 'கீங்' என்று கத்தும் அந்தக் கதவுச் சட்டம்தான். ஆனால் இந்தக் கருவி பிறந்த இடம் ஒரு நோயாளியின் படுக்கை அருகே. வளர்ந்த இடம் போர்க்களம். இன்று ஆஸ்திரேலியாவில் தங்கம் தேடுகிறார்கள், இங்கிலாந்தில் பழைய நாணயம் தேடுகிறார்கள், வன்னியில் மிதிவெடி தேடுகிறார்கள். எல்லாம் ஒரே குடும்பம்!

இதன் வரலாற்றைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் பெயர்ப் பட்டியலாக முடிந்துவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் நாம் வேறு ஒரு வழியில் போவோம். கருவியின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் சுருள் (காயில் என்றே சொல்வோம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்), அதைக் கருவியின் பெட்டியோடு இணைக்கும் கனெக்டர், இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு கதையைச் சொல்லிப் பார்க்கலாம். ஏனென்றால் இந்தக் கதையில் பல முக்கியமான வெற்றி தோல்விகள் இந்த இரண்டு இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

முதலில் கொஞ்சம் பிளஸ் டூ இயற்பியல். ஒரு காயிலில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலத்துக்குள் ஒரு உலோகத் துண்டு வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்ன காந்தப்புலத்தை உண்டாக்கும். இந்தச் சின்னப் புலத்தைப் பிடிப்பதுதான் வேலை. கஷ்டம் என்னவென்றால், அனுப்பும் காயிலின் புலம் யானை, உலோகத்திலிருந்து திரும்பி வருவது எறும்பு. பெறும் காயிலின் காதில் யானையின் பிளிறல் விழாமல் எறும்பின் சத்தம் மட்டும் விழ வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் டேவிட் எட்வர்ட் ஹியூஸ். கார்பன் மைக்ரோஃபோனில் பெயர் வாங்கியவர். 1879-ல் லண்டனில் 'தூண்டல் தராசு' என்று ஒன்றைச் செய்து காட்டினார். இரண்டு ஜோடி காயில்கள். ஒரு ஜோடியில் வரும் மின்னோட்டத்தை இன்னொரு ஜோடியில் வருவது சரியாக ரத்து செய்யும்படி இணைத்திருப்பார். டெலிபோனைக் காதில் வைத்தால் சத்தமே இருக்காது. இரு பக்கமும் ஒரே மாதிரி நாணயத்தை வைத்தாலும் அமைதிதான். ஒரு பக்கம் கள்ள நாணயத்தை வைத்தால் உடனே சத்தம் கேட்கும். கள்ள நாணயம் பிடிக்கும் வித்தை என்ற அளவில் பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. இரண்டே வருடத்தில் அது ஒரு நாட்டின் ஜனாதிபதியைக் காப்பாற்றும் முயற்சியாக மாறிவிட்டது.

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை சார்லஸ் கிட்டோ என்பவன் சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போய்விட்டது. இன்னொன்று முதுகில் புகுந்து உள்ளே தங்கிவிட்டது. எக்ஸ்-ரே அப்போது இல்லை, அதற்கு இன்னும் 14 வருடம் இருக்கிறது. மருத்துவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கழுவாத விரலையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். கிருமிகளைப் பற்றி லிஸ்டர் ஐரோப்பாவில் சொல்லிக்கொண்டிருந்தது அமெரிக்க டாக்டர்கள் பலருக்கு அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லுக்கு அப்போது வயது 34. குண்டு எங்கே இருக்கிறது என்பதை உடலைத் தொந்தரவு செய்யாமல் கண்டுபிடிக்க முடியும் என்று நம்பினார். சைமன் நியூகோம் என்ற வானியலாளரோடு பேசினார். உதவியாளர் சம்னர் டெய்ன்டரோடு சேர்ந்து ஹியூஸின் தராசை எடுத்து இரவு பகலாக மாற்றி அமைத்தார். உள்நாட்டுப் போரில் குண்டடி பட்டு, அந்தக் குண்டை உடலுக்குள்ளேயே சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்தும் பார்த்தார்.

ஜூலை 26-ம் தேதி மாலை வெள்ளை மாளிகையில் முதல் சோதனை. ஆய்வகத்தில் ஒழுங்காக இருந்த கருவி, ஜனாதிபதியின் படுக்கை அருகே கொண்டுபோனதும் டெலிபோனில் ஓயாமல் 'பட பட' என்று ஒரு இரைச்சலைக் கொடுத்தது. எட்டும் ஆழமும் குறைந்துவிட்டது. பெல் மனம் உடைந்து திரும்பினார். பிறகு பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மின்தேக்கியைத் தவறாக இணைத்திருந்தார்கள்! தராசின் ஒரு பக்கத்துக்கு மட்டும் இணைப்பு போயிருந்தது. அந்த மெட்டல் டிடெக்டர் சோதனை கெட்டதற்குக் காரணம் கொள்கைப் பிழை இல்லை, ஒயர் மாறிப்போனதுதான். இன்றைக்கும் டிடெக்டர் வைத்திருப்பவர்களின் புகார்களில் பாதி இந்த வகைதான் என்பது என் கணிப்பு.

ஆகஸ்ட் 1-ல் இரண்டாவது முயற்சி. இம்முறை கருவி ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் கேட்க வேண்டிய சத்தம் பரந்த ஒரு பகுதி முழுக்க மெலிதாகக் கேட்டது. அடுத்த நாள் பெல் போய் விசாரித்தார். ஜனாதிபதி படுத்திருந்த குதிரைமயிர் மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பியாலான இன்னொரு மெத்தை இருந்தது! பெல்லின் தோல்விக்கு எல்லாப் புத்தகங்களும் இந்த மெத்தையைத்தான் காட்டும். எனக்கு என்னவோ அதைவிடப் பெரிய காரணம் தலைமை மருத்துவர் பிளிஸ் என்றே படுகிறது. குண்டு உடலின் வலது பக்கம்தான் இருக்கிறது என்று அவர் முன்பே முடிவு கட்டிவிட்டார், அங்கே மட்டும்தான் தேடவும் விட்டார். செப்டம்பர் 19-ம் தேதி கார்ஃபீல்ட் இறந்த பின் நடந்த பிரேதப் பரிசோதனையில் குண்டு இடது பக்கம், கணையத்துக்குப் பின்னால் இருந்தது. தேட விடாத இடத்தில் இருப்பதை எந்தக் கருவி கண்டுபிடிக்கும்?

இதற்கு நடுவில் ஆகஸ்ட் 15-ம் தேதி பெல்லின் மனைவி மேபலுக்குக் குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை இறந்துபோனது. அந்த நிலையிலும் பெல் கருவியை விடவில்லை. 1882-ல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு முக்கியமான மாற்றம் இருக்கிறது. ஹியூஸின் நான்கு காயில்களுக்குப் பதிலாக இரண்டே இரண்டு தட்டைக் காயில்கள். ஒன்றின் மேல் ஒன்றைப் பாதி ஏற்றி வைத்து, மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சத்தம் அடங்கிவிடும். அங்கே அனுப்பும் காயிலின் புலம் பெறும் காயிலுக்குள் ஒரு பகுதியில் மேல்நோக்கியும் இன்னொரு பகுதியில் கீழ்நோக்கியும் பாய்ந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். யானையின் வாய் மூடிவிட்டது! இன்று கடைகளில் 'டபுள் டி' என்று விற்கும் காயிலின் அடிப்படையும் இதுவேதான்.

அடுத்த நாற்பது வருடம் அதிகம் சொல்வதற்கில்லை. எக்ஸ்-ரே வந்ததும் மருத்துவத்தில் இந்தக் கருவிக்கு வேலை குறைந்தது. 1920-களில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த கெர்ஹார்ட் ஃபிஷர் என்ற பொறியாளர், விமானங்களுக்கு ரேடியோ மூலம் திசை காட்டும் கருவி செய்துகொண்டிருந்தார். அருகில் உலோகம் இருந்தால் அது தவறான திசை காட்டுவதைக் கவனித்தவர் அந்தக் குறையையே கருவியாக்கிவிட்டார். 1931-ல் கலிஃபோர்னியாவில் நிறுவனம் தொடங்கினார், 1937-ல் காப்புரிமை கிடைத்தது. அவருடைய கருவி ஒரு கைப்பிடிக் கழியின் இரு முனைகளிலும் இரண்டு மரப்பெட்டிகள். காயில்கள் பெட்டிக்குள்ளேயே நிரந்தரமாக இருந்தன. மாற்றுவது என்ற பேச்சே அன்று கிடையாது.

இரண்டாம் உலகப் போர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. போலந்து ஜெர்மனியிடம் விழுந்த பிறகு அந்நாட்டு வீரர்கள் பலர் பிரிட்டனுக்குத் தப்பி வந்து ஸ்காட்லாந்தில் முகாமிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் யோசஃப் கோசாட்ஸ்கி. 1941-ல் அவர் வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவி பிரிட்டிஷ் ராணுவத்தின் போட்டியில் தேர்வானது. காப்புரிமை கேட்காமல் இலவசமாகவே ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார், பதிலுக்கு மன்னர் ஆறாம் ஜார்ஜிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம் கிடைத்தது. நீண்ட கழியின் முனையில் இரண்டு காயில்கள், ஒன்று அலையியற்றியோடும் மற்றொன்று பெருக்கியோடும் இணைந்திருக்கும். மொத்த எடை 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமெய்ன். ரோமலின் படைகள் பாலைவனத்தில் ஐந்து லட்சம் அளவுக்குக் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தன. அந்த நிலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சாத்தானின் தோட்டங்கள்'. மணலில் கத்தி முனையால் குத்திக் குத்தி வழி செய்த வீரர்களுக்கு மணிக்கு சுமார் 100 மீட்டர்தான் முன்னேற முடிந்தது. கோசாட்ஸ்கியின் கருவிகள் 500 அங்கே வந்து சேர்ந்ததும் அது 200 மீட்டரானது. எதிரி பீரங்கி சுட்டுக்கொண்டிருக்கும்போது இந்த இரு மடங்கு வேகம் எத்தனை உயிர் என்பதை யோசித்துப் பாருங்கள். ஜெர்மானியர்களும் சும்மா இருக்கவில்லை. மரப்பெட்டியில் ஒரு கண்ணிவெடி, கண்ணாடியில் ஒரு கண்ணிவெடி என்று உலோகத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். அந்த ஓட்டப்பந்தயம் இன்னும் முடியவில்லை.

போர்க் காலத்தில் வளர்ந்த இன்னொரு விஷயம் கனெக்டர். விமானத்திலும் டாங்கியிலும் அதிர்வில் கழன்று விழாத, மாற்றிச் செருகவே முடியாத பிளக்குகள் தேவைப்பட்டன. 1932-ல் சிகாகோவில் தொடங்கிய ஆம்ஃபெனால், லாஸ் ஏஞ்சலிஸின் கேனன் போன்ற நிறுவனங்கள் அமெரிக்க ராணுவ விதிகளுக்கு ஏற்ப வட்ட வடிவ பிளக்குகளை லட்சக்கணக்கில் செய்தன. வட்டமான உலோக உறை, நடுவில் முனைகள், ஒரு பக்கம் ஒரு காடி (அதனால் ஒரே ஒரு நிலையில்தான் உள்ளே போகும்), வெளியே திருகி இறுக்கும் வளையம். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இன்றைக்கும் 'ஏவியேஷன் பிளக்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இதன் பேரப்பிள்ளையைத்தான். ஹெட்போன் குத்தும் பெரிய துளை இதைவிடப் பழசு. அது 19-ம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் இணைப்பு கொடுக்கப் பயன்படுத்திய பிளக். ஆக, ஹெட்போன் மாட்டி டிடெக்டர் பிடிப்பவர் இன்னும் பெல்லின் வீட்டுச் சொத்தைத்தான் அனுபவிக்கிறார்.

போர் முடிந்ததும் ராணுவ டிடெக்டர்கள் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. வாங்கியவர்கள் புதையல் தேட ஆரம்பித்தார்கள். (நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு ஆசைப்படுபவர்கள் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும்!) டிரான்சிஸ்டர் வந்ததும் கருவி இலேசானது. 1964-ல் டெக்சாஸில் சார்லஸ் காரெட் நிறுவனம் தொடங்கினார். அவரது கருவி ஒன்றைக் கொண்டுதான் 1980-ல் ஆஸ்திரேலியாவின் கிங்கவரில் 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டி ஒன்றை எடுத்தார்கள். 'நம்பிக்கையின் கை' என்று அதற்குப் பெயர்.

காயிலைக் கழற்றி மாற்றும் பழக்கம் வேரூன்றியது இந்தக் காலத்தில்தான். காரணம் எளிது. ஒரே காயில் எல்லா வேலைக்கும் உதவாது. பெரிய காயில் ஆழமாகப் பார்க்கும், ஆனால் சிறு பொருளைக் கோட்டைவிடும். சின்ன காயிலுக்கு ஆழம் குறைவு, ஆனால் ஆணிக் குப்பைக்கு நடுவில் கிடக்கும் நாணயத்தைப் பிரித்துக் காட்டும். ஒரு காயிலின் விட்டம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஆழத்தில் ஒரு நாணயத்தை எதிர்பார்க்கலாம் என்று ஒரு வாய்க்கணக்கு சொல்வார்கள். வடிவமும் முக்கியம். பெரிய வளையத்துக்குள் சின்ன வளையம் வைத்த காயில் கூம்பு மாதிரி கீழே பார்க்கும், பொருளின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணில் தடுமாறிப் போகும். டபுள் டி காயில் கத்தி மாதிரி மெல்லிய கோட்டில் பார்ப்பதால் அந்த மண்ணைச் சமாளித்துவிடும்.

சரி, காயிலை மாற்றலாம், கனெக்டர்? இங்கேதான் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் போனது. சாதாரண டிடெக்டர் காயிலுக்குள் அனுப்பும் சுருள் ஒன்று, பெறும் சுருள் ஒன்று. ஆகவே நான்கு ஒயர், அதோடு வெளி இரைச்சலைத் தடுக்கும் உறைக்கு ஒன்று. ஐந்து முனை பிளக் இப்படித்தான் பரவலானது. ஐந்து முனை என்றால் எல்லாம் ஒன்றா? இல்லை. பழைய கம்ப்யூட்டர் கீபோர்டில் வந்த அந்த வட்ட 'டின்' பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலேயே ஐந்து முனைகளை 180 பாகையில் அடுக்கியது ஒன்று, 240 பாகையில் அடுக்கியது இன்னொன்று. ஒன்று மற்றதில் நுழையாது. நுழையாமல் இருந்தால் கூடப் பரவாயில்லை, நுழைந்துவிட்டால்தான் ஆபத்து. ஒரு கம்பெனியின் இரண்டாம் முனை இன்னொரு கம்பெனியில் நான்காம் முனையாக இருக்கலாம். முனைகள் பொருந்தினாலும், காயிலின் மின்தூண்டல் அளவு வேறாக இருந்தால் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கியோடு அதன் ஒத்திசைவு கெட்டுவிடும், அலைவெண் நகர்ந்துவிடும், வெள்ளியைக் காட்ட வேண்டிய எண் வேறு எதையோ காட்டும். பிளக் பொருந்துவதும் காயில் பொருந்துவதும் வேறு வேறு என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் பலர் கவனிப்பதில்லை.

இந்த அலைவெண் விஷயத்தையே ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் (1985-ல் அடிலெய்டில் தொடங்கியது) தன் எக்ஸ்-டெர்ரா வரிசையில் வசதியாக மாற்றிக்கொண்டது. 2000-களின் நடுவில் வந்த அந்தக் கருவியில் 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று வகைக் காயில்கள். எதைச் செருகுகிறோமோ அந்த அலைவெண்ணுக்குக் கருவி மாறிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

துடிப்பு முறையில் இயங்கும் தங்க வேட்டைக் கருவிகள் கனெக்டருக்கு வேறு சோதனை வைக்கின்றன. அவற்றில் ஒரே காயிலை அனுப்பவும் பெறவும் பயன்படுத்தலாம், எனவே இரண்டு முனையே போதும். ஆனால் ஆம்பியர் கணக்கில் பாயும் மின்னோட்டத்தைத் திடீரென்று வெட்டுவதால் காயிலில் சில நூறு வோல்ட் எழும்பும். முனைகளுக்கு நடுவே காப்பு சரியில்லை என்றால் அங்கேயே கசியும். அதே முனைகள் வழியாகத்தான் அடுத்த நொடிப்பொழுதில் மிக நுண்ணிய சிக்னலும் வர வேண்டும். கேபிளை இஷ்டத்துக்கு நீட்டினால் அதன் மின்தேக்குத்திறன் கூடி, காயில் அடங்கும் நேரம் நீளும். அரிசி அளவு தங்கத்தின் எதிரொலி அதற்குள் மறைந்தே போய்விடும்.

எனவே கனெக்டர் தேர்ந்தெடுப்பவர்கள் பார்ப்பது முனை எண்ணிக்கையை மட்டும் அல்ல. காயிலை நாள் முழுக்க இடமும் வலமுமாக வீசுகிறோம், ஒவ்வொரு வீச்சிலும் பிளக் கொஞ்சம் அசைகிறது. அந்த அசைவில் தொடுமுனையின் தடை மாறினால் கருவி அதை உலோகம் என்று நினைத்துக் கத்தும். ஆகவே திருகி இறுக்கும் வளையம் வேண்டும், கேபிளின் இழுவை முனைகளின் மேல் விழாமல் பிடித்துக்கொள்ளும் கவ்வி வேண்டும், ஈரத்தைத் தடுக்க ரப்பர் வளையம் வேண்டும். மெல்லிய தங்கப் பூச்சு இருந்தால் முனைகளில் களிம்பு ஏறாது. அழகான சின்ன டின் பிளக்கைவிட முரட்டு ஏவியேஷன் பிளக்கே களத்துக்கு ஏற்றது என்பது என் கட்சி.

1995-ல் வந்த மைன்லேபின் எஸ்.டி. 2000 முதல் 2010-ல் வந்த ஜி.பி.எக்ஸ். 5000 வரை காயில் கனெக்டர் ஒரே ஐந்து முனை வகைதான். இதனால் ஆஸ்திரேலியாவில் வெளியார் காயில் தயாரிப்பு தனித் தொழிலாகவே வளர்ந்தது. பழைய கருவிக்கு வாங்கிய காயில் புதிய கருவிக்கும் பயன்பட்டது. 2015-ல் அதே நிறுவனத்தின் ஜி.பி.இசட். 7000 வந்தது, இந்த ஏற்பாடு முறிந்தது. காயிலுக்குள் ஒரு சிப். அதன் அடையாளம் தெரியாவிட்டால் பெட்டி வேலை செய்ய மறுக்கும். பாதுகாப்புக்காக என்று ஒரு தரப்பு, வியாபாரத்துக்காக என்று இன்னொரு தரப்பு. வேறு காயில் வேண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்றால், விலை உயர்ந்த அசல் காயிலின் கேபிளை வெட்டி, சிப்பை எடுத்து, ஒரு இடைக் கேபிளில் பொருத்திக்கொண்டார்கள்! இதற்கு நேர் எதிர்த் திசையில் பிரான்சின் எக்ஸ்.பி. நிறுவனம் தன் 'டியஸ்' கருவியில் கேபிளையே எடுத்துவிட்டது. பேட்டரியும் சிக்னலை அலசும் மூளையும் காயிலுக்குள்ளேயே, பெட்டிக்கு ரேடியோ அலையில் செய்தி போகும்.

இலங்கையின் வடக்கில் இந்தக் கருவி பொழுதுபோக்கு இல்லை. 2002 போர்நிறுத்தத்தின்போது ஹேலோ டிரஸ்ட் அங்கே மிதிவெடி அகற்றத் தொடங்கியது. 2009-ல் போர் முடிந்த பிறகு வன்னியில் பணி பெருகியது. மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைத் தேடுபவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள், போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குபவர்களும் அவர்களில் உண்டு. அங்கே கிடைக்கும் பி-4 போன்ற வெடிகள் பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே உலோகம் மிகக் குறைவு. அந்தச் சின்ன எதிரொலியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வேலைக்கான டிடெக்டர்கள் பலவற்றில் கேபிள் கழிக்குள்ளேயே ஓடும், புதரில் மாட்டி இழுபட வெளியே எதுவும் தொங்காது. வேலையைத் தொடங்கும் முன்பு, அளவு தெரிந்த ஒரு சோதனைத் துண்டைக் காட்டிக் கருவி கத்துகிறதா என்று பார்ப்பார்கள். இடைவேளை முடிந்து திரும்பினாலும் மறுபடி பார்ப்பார்கள். கத்தவில்லை என்றால் அந்தக் கருவி அன்றைக்கு வயலுக்குள் போகாது.